ஒரு மூட்டை குறைகிறது

போர் முடிவதற்குக் கொஞ்சம் முந்திய காலத்தில் எங்கள் மிளகு மூட்டைகளுக்கு ரேடியோ வில்லை வந்தது. நான் மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் ஒரு மிளகு முதலாளியின் ஸ்டோரில் கிளார்க். வெளிநாட்டில் எங்களிடம் வாங்குகிறவர்கள்தான் அதை அனுப்பியிருந்தார்கள். விரல் நீளக் காகிதத் துண்டு, அதற்குள் மயிரிழை போல உலோகக் கோடு. அதை மூட்டையின் வாயில் தைத்துவிட்டால் வாசலில் நிற்கும் கருவி ரேடியோ அலையாலேயே கண்டுகொள்ளும். எங்கள் வாசலைத் தாண்டும்போது என் திரையில் "ஏற்றப்பட்டது" என்று விழும். கொழும்பு ஸ்டோர் வாசலைத் தாண்டினால் "வந்து சேர்ந்தது". முன்பெல்லாம் கொழும்பில் இறக்கி எண்ணி, குறைந்ததற்குச் சண்டை பிடித்து முடிக்க ஒரு பகல் போய்விடும். இப்போது லொறி நுழைந்து நிற்பதற்குள் கணக்கு முடிந்தது.

எனக்கு அந்தத் திரையில் வேறு அக்கறை இருந்தது. அந்த லொறியில் உதவியாளாகப் போகிறவன் என் மகன். தமிழ்ப் பையன், இருபது வயது, வழியெல்லாம் செக்பாயின்ட். லொறியைப் போகவிட்டுப் பையனை மட்டும் இறக்கிக்கொண்ட கதைகள் எங்கள் பக்கம் நிறைய. போன் கையில் இருந்தால் இன்னும் நாலு கேள்வி வரும் என்று அதையும் வீட்டில் வைத்துவிட்டுப் போவான். மிளகு சேர்ந்ததைத் திரை சொல்லும், மகன் சேர்ந்ததைச் சொல்லாது. ஆகவே மிச்சமிருந்த ஒரு வில்லையை அவனுக்குப் பதிந்தேன். அந்தக் கணினிக்கு மனிதர்களைத் தெரியாது. மூட்டை என்றுதான் பதிய முடிந்தது. தரம் என்ன என்று கேட்டது. முதல் தரம் என்று போட்டேன்.

லொறி புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, மூட்டைகளோடு அந்த வில்லையையும் வாசலில் காட்டி "ஏற்றப்பட்டது" என்று ஆக்கிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். சட்டைக் கொலரில் வைத்துத் தைப்பதாக எண்ணம். என் வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை.

"சட்டய கழட்டி வச்சிட்டுத்தானே மூட்ட தூக்குவான்? கழுத்துல கெடந்தாத்தான் நிக்கும். சாமிகிட்ட வச்சு எடுத்துட்டா ரெண்டு காவலாச்சு."

கோயில் ஐயா விபூதியோடு அதைச் சுருட்டி, செம்புத் தாயத்துக்குள் செருகி, மெழுகால் அடைத்து, பூசை செய்து கொடுத்தார். விடியற்காலையில் லொறி போய்விட்டது.

மத்தியானம் திரையில் மூட்டைகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. எல்லாம் பச்சை. ஒன்று மட்டும் சிவப்பு.

முதலாளி என் மேசைக்கு வந்தார். "என்ன தங்கச்சி, ஒரு மூட்ட கொறயுதாமே? வழியில வித்துப்புட்டானுங்களா?"

"அது மூட்ட இல்ல முதலாளி. என் மவன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒங்க மவன் எப்ப நம்ம சரக்குல சேந்தான்?"

நான் அதற்குள் கொழும்புக்குப் போனில் கோல் எடுத்துவிட்டேன். லொறி சேர்ந்துவிட்டது, அவன் சேரவில்லை. நான் பயந்துகொண்டிருந்தது அப்படியே திரையில் எழுதியிருந்தது. அங்கே ஸ்டோரில் வேலை செய்யும் தம்பி பேசினான்.

"லொறி பூரா தேடிட்டோம் அக்கா. அந்த மூட்ட இல்ல."

"லொறியில வந்தவங்க யாரு இருக்கா?"

"ட்ரைவர் இருக்காரு. ஒங்க மவன் சோறு தின்னுக்கிட்டு இருக்காரு."

"நல்லா பாத்தீங்களா?"

"ரெண்டாந்தரம் கொழம்பு கேட்டாரு அக்கா. வேற யாரா இருக்கும்?"

அத்தோடு நான் போனை வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தத் திரை வந்த நாளிலிருந்து ஒரு தடவையும் பிழை சொன்னதில்லை. அவனை வாசலில் நடக்க விடச் சொன்னேன். நடந்தான். சிவப்பு. திரும்ப நடக்கச் சொன்னேன். சிவப்பு. மகன் போனை வாங்கினான்.

"அம்மா, நான்தான். வந்துட்டேன்."

"கம்பியூட்டர் இல்லங்குதேடா!"

"அதுக்கு நான் என்னம்மா செய்ய? இன்னொருக்கா மாத்தளைக்கு வந்துட்டுத் திரும்பிப் போகவா?"

பின்னால் நின்ற முதலாளி என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். "வில்லய தகர டின்னுக்குள்ள போட்டா மெஷின் புடிக்காதுன்னு, இத பூட்ட வந்து ட்ரெயினிங் தந்த புள்ள சொன்னானே. எதுல வச்சீங்க?"

"செம்புத் தாயத்துல."

"அல்லாவே! ஒடைக்கச் சொல்லுங்க."

அப்பா திறக்கக் கூடாது என்றாரே என்று மகன் தயங்கியது கேட்டது. பிறகு குறடு, செம்பு நெரியும் சத்தம், "விபூதி கொட்டுது" என்று யாரோ சொன்னது. திரையில் அந்த வரி பச்சையானது. வந்து சேர்ந்தது. முதல் தரம். நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். முதலாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்து, அந்த மூட்டைக்கு ஈரப்பதம் எவ்வளவு என்று போட்டிருக்கிறேன் என்று மெதுவாகக் கேட்டார்.

மறுநாள் வீட்டில் சாப்பிடும்போது மகன் வேறொன்று சொன்னான். "ஒரு செக்பாயின்ட்ல ஆமிக்காரன் அந்தத் தாயத்தப் புடிச்சுப் பாத்தான்மா. அப்புறம் அவன் சட்டைக்குள்ள இருந்து ஒண்ண எடுத்துக் காட்டுனான். அதே மாதிரி செம்பு. சிரிச்சிட்டு, 'போ'ன்னு சொல்லிட்டான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ரேடியோ அலையில் வேலை செய்யும் ஒரு பொருளைத் தமிழ்ப் பையனின் கழுத்தில் ஒளித்துக் கட்டி, அந்தக் காலத்தில், அந்த ரோட்டில் அனுப்பியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் புதுத் தாயத்துக் கட்டினார். உள்ளே விபூதி மட்டும். அடுத்த லோடு போனது. திரை முழுக்கப் பச்சை. ஆனாலும் கோல் எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தத் தம்பி சொன்னான்:

"எல்லாம் சரி அக்கா. சோறு திங்கிற மூட்டயும் வந்துருச்சு."