ஜெனரல் ஹேய்க்ராஃப்டின் பதினைந்தாயிரம் பேர்

டெஸ்மண்ட் ஹேய்க்ராஃப்ட் கரும்பு விளையும் எங்கள் ஊருக்கு ஓய்வெடுக்க வந்தார்; எங்களைத்தான் ஓய்வாக இருக்க விடவில்லை. மேஜர் ஜெனரல். முன்னாள் படைவீரர் கிளப்பில் யார் பீர் வாங்கிக் கொடுத்தாலும் அதே பாடம்தான். பிரிகேடியர் என்றால் நாலாயிரம் பேர், அவரை ஜெனரல் வரிசையில் சேர்க்கவே கூடாது. மேஜர் ஜெனரல் என்றால் ஒரு டிவிஷன், பதினைந்தாயிரம் பேர். லெப்டினன்ட் ஜெனரல் என்றால் அதுபோல் இரண்டோ மூன்றோ. பதினைந்தாயிரம் என்று சொல்லும்போது மட்டும் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்.

கிளப் சமையல்கட்டில் இருப்பவள் நான். என் காதுக்கு வராத கதை கிடையாது. அவருடைய பட்டம் நிஜம்தான், டிவிஷனைத்தான் யாரும் கொடுக்கவில்லை. தலைநகர் கான்பெராவின் ராணுவ அலுவலகத்தில் அவருக்குக் கீழே இருந்தது பதினொரு பேர். அதிலும் இரண்டு பேர் பகுதி நேரம்.

இந்த மனிதரைக் கிளப் தலைவராக்கினோமே, எங்கள் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். போர்வீரர்களை நினைவுகூர ஏப்ரலில் நடக்கும் ஆன்ஸாக் நாள் ஊர்வலத்தில் அவரவர் தங்கள் பிரிவின் பதாகைக்குப் பின்னால் நடப்பது வழக்கம். இவர் புதிதாக ஒரு விதி எழுதி, கையெழுத்துப் போட்டு ஒட்டினார். பத்துப் பேருக்குக் குறைந்த பிரிவுக்குப் பதாகை கிடையாது. கடைசியில், பிரிவில்லாத உதிரிகளோடு நடக்க வேண்டும்.

அடி விழுந்தது கார்ப்பரல் ரான் பெட்டிஃபோர்டுக்கு. திமோர் போர்முனைக்கு எட்டுப் பேரைக் கூட்டிப்போய் எட்டுப் பேரையும் உயிரோடு கூட்டிவந்தவர். அந்த எட்டில் ஒருவரான வின்ஸ் கசாருக்கு இப்போது ஈரலில் புற்றுநோய். அடுத்த ஏப்ரலைப் பார்க்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சக்கர நாற்காலியிலாவது தங்கள் பதாகைக்குப் பின்னால் கடைசியாக ஒருமுறை போக வேண்டும் என்பதுதான் வின்ஸின் ஆசை. அதற்காகவே மற்றவர்கள் பெர்த்திலிருந்தும் ஹோபார்ட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். ரான் போய்க் கெஞ்சினார். ஒன்பது ஒன்பதுதான், பத்தாகாது என்றாராம் ஜெனரல்.

ஊர்வலத்தை வரிசைப்படுத்துவதும் என் வேலைதான். அன்று காலையில் மெடல்கள் குலுங்க ஜெனரல் முன்வரிசைக்கு வந்து நின்றார். எந்தப் பிரிவு என்று கேட்டேன்.

"என் ராங்குக்கு ஒரு டிவிஷன்மா. பதினஞ்சாயிரம் பேர்."

"இன்னிக்கு எத்தனை பேர் வந்திருக்காங்க சார்?"

அவர் மெடல்களைச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப ஒருத்தர்னு எழுதிக்கறேன். கடைசிக்குப் போங்க. விதியில உங்க கையெழுத்துதான் இருக்கு."

அவர் முகம் கறுத்தது. தெருவின் இரண்டு பக்கமும் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது ரான் வரிசையை விட்டு வந்தார்.

"எங்ககூட வாங்க சார். நாங்க ஒம்போது. உங்களச் சேத்தா பத்து."

உதிரிகளோடு நடப்பதா, கார்ப்பரலுக்குப் பின்னால் நடப்பதா என்று ஜெனரல் திணறினார். கடைசியில் கார்ப்பரலோடு போனார். வின்ஸின் நாற்காலிக்கு முன்னால் பதாகை விரிந்தது. வின்ஸ் அழுததைப் பார்த்து நானும் அழுதேன்.

"பின்வரிசை, இடது ஓரம் சார்," என்றார் ரான். "என் குரலக் கேட்டுக் கால எடுத்து வைங்க."

பிறகு உரக்க, "இடது" என்றார்.

ஜெனரல் வலது காலை எடுத்து வைத்தார்.