முடியாது என்று சொல்லப் போன நாள்

இரண்டாம் உலக யுத்தத்தால் துணிக்குக் கூப்பன் வந்திருந்த காலம். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், வெள்ளவத்தையில் சட்டை தைத்துக் கொடுத்தேன். எங்கள் ஆட்களிடம் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டேன். "பாப்பம்" என்பேன், அவர்களுக்கே விளங்கிவிடும். கடற்கரைப் பக்கத்தில் இருந்த, இங்கிலீசு மட்டுமே பேசும் பறங்கி அம்மா, நோனா என்போம், மகளின் கலியாணச் சட்டையை ஒரு கிழமையில் கேட்டார். ஆங்கிலத்தில் "பாப்பம்" எனக்கு வரவில்லை. "யெஸ் மேடம்" என்றுவிட்டேன்.

ஊசி ஏறி வலது கைவிரல் வீங்கியது. கலியாணத்துக்கு மூன்றே நாள். சட்டையின் கீழ்க்கரை தைக்காமல் அப்படியே கிடந்தது.

"போய்ச் சொல்லன்," என்றாள் அக்கா.

"இங்கிலீசில எப்பிடியக்கா ஏலாதெண்டு சொல்லுறது?"

"யெஸ்ஸை மட்டும் பாடமாக்கி வைச்சிரு!" என்று ஏசிவிட்டு, இங்கிலீசு தெரிந்த பக்கத்து வீட்டுக் கிளாக்கரிடம் அவளே கேட்டு வந்தாள்.

"ஐ கேனாட் ஃபினிஷ், மேடம்." சட்டையைச் சுற்றி எடுத்துக்கொண்டு, தண்டவாளத்தோரம் அதையே முணுமுணுத்தபடி நடந்தேன். கடல் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கனவில் யாரோ நடப்பது போலிருந்தது.

நோனாவிடம் சொல்லிவிட்டேன். அவர் என் விரலைப் பார்த்தார். "ஒய் டிடின்ட் யூ டெல் மீ, சைல்ட்?" முன்னமே ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார் என்பது விளங்கியது. கொண்டுபோன சட்டையை நீட்டினேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, ஊசியில் நூல் கோத்து, என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நான் துணியைப் பிடித்துக் கொடுக்க, அவர் தைத்தார். கடற்காற்றில் அந்த வெள்ளைத் துணி எங்கள் இருவர் மடியிலும் மெல்ல எழும்பி எழும்பி அடங்கியது.

இப்போதெல்லாம் முடியாததை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு தைக்கக் கேட்டவர்கள் முகத்தைப் பார்க்கத்தான் இன்னும் பயம்.