அப்பாவின் இடுப்பில் என் குதிகால்

வேப்பெண்ணெய் தடவிய முதுகின் மேல் குதிகாலை வைத்தால் முதலில் வழுக்கும், பிறகு சூடு ஏறும், இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் தண்டெலும்பின் இரு பக்கமும் முறுக்கிய கயிறுபோல் ஓடுகிற சதை விறைத்துக்கொண்டு நம் காலை எதிர்த்துத் தள்ளும். ஒன்பது வயதுக்குள் இந்த மூன்றையும் பலபேர் முதுகில் அறிந்து வைத்திருந்தேன். திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் யாருக்காவது இடுப்பு 'பிடிச்சுக்கிச்சு' என்றால் வைத்தியரைத் தேடமாட்டார்கள், என்னைத் தேடி வருவார்கள். நான் பெரிதாக ஒன்றும் சாதித்துவிடவில்லை. பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் காலை முதலில் நீட்டிவிட்டேன், அவ்வளவுதான். 'கால் முந்திப் பொறந்த புள்ள' மூன்று நாள் காலையில், வெறும் வயிற்றோடு, மும்மூன்று தடவை மிதித்தால் எந்தப் பிடிப்பும் விட்டுவிடும் என்று ஊரே நம்பியது. என் அம்மாவை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்குச் செத்துப் பிழைத்த பிரசவம், ஊருக்கோ இலவச வைத்தியம்.

பெரும்பாலும் பிடிப்பு விட்டும் போனது. அதெல்லாம் சும்மா படுத்திருந்தாலே நாலு நாளில் விடக்கூடிய பிடிப்புகள்தான் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியாததால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறி அடி வாங்குகிறவள், மீசைக்காரர்களை எல்லாம் சாக்கில் குப்புறப் படுக்கவைத்து மிதிக்கிறேன் என்றால் சும்மாவா? ஆத்தா மட்டும் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நின்றுகொண்டு, "மெதுவா, மெதுவா. காலை வச்சு எடுத்தாப் போதும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம், ஐம்பதுகளின் பிற்பாதி, கடலை பிடுங்கி ஆய்ந்து மூட்டை கட்டியிருந்த சமயத்தில் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கடலை நனைந்தால் முளைத்துவிடும், முளைத்தால் அந்த வருஷமே போச்சு என்று அப்பா, ஆள் வருவதற்குள் பொறுமையில்லாமல், தரையில் கிடந்த மூட்டையை ஒண்டியாகக் குனிந்து இழுத்துத் தூக்கி வண்டியில் ஏற்றப் பார்த்தார். பாதி தூக்கியவர் பாதியிலேயே நின்றுவிட்டார். மூட்டை விழுந்தது, அவர் விழவில்லை, நிமிரவும் இல்லை. கயிற்றுக் கட்டிலில் வைத்துத்தான் வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். உடம்பு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டிருந்தது. இடுப்புச் சதையைத் தொட்டுப் பார்த்தேன். பலகைபோல் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் ஆத்தா. அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, சிரித்தே விட்டார். "வீட்டுக்குள்ளயே மருந்த வச்சுக்கிட்டு டவுனுக்கு எதுக்கு ஓடணும்? நம்ம புள்ள மூணு நாள் மிதிச்சா தம்பி எந்திரிச்சு வண்டி ஓட்டுவான், பாருங்க" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலையில் ஆத்தா ஊருணிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோதே பெரியப்பா வந்து என்னை எழுப்பிவிட்டார். அப்பா சாக்கில் குப்புறக் கிடந்தார். மழை இன்னும் விழவில்லை, ஆனால் தவளை கத்திக்கொண்டிருந்தது. பாதி மூட்டைகள் கடலைக் காட்டிலேயே கிடந்தன. மெதுவாக மிதித்தால் மூன்று நாள் ஆகும், ஓங்கி மிதித்தால் இன்றைக்கே எழுந்துவிடுவார், கடலையும் வீடு வந்து சேர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஏழாம் வாய்ப்பாட்டில் எனக்கு இருந்த தெளிவுதான் இதிலும் இருந்தது. மெதுவா என்று சொல்ல ஆளில்லை. என் பலத்தை எல்லாம் குதிகாலில் திரட்டி மிதித்தேன். முதல் இரண்டு மிதிக்கும் அந்தச் சதை என்னை எதிர்த்தது. மூன்றாவது மிதியில் எதிர்ப்புச் சட்டென்று விட்டதுபோல் இருந்தது. அப்பா "ஸ்ஸ்" என்று மூச்சை இழுத்துச் சாக்கின் ஓரத்தைப் பற்றினார். வாசலில் மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியப்பா எதையும் பார்க்கவில்லை. பிடிப்பு விட்டுவிட்டது என்று நான் சந்தோஷமாகப் பல் விளக்கப் போனேன்.

மத்தியானம் பெரியப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அப்பா கொல்லைக்கு நடந்தபோது இடது கால் செருப்பு நழுவிப் பின்னாலேயே கிடந்தது. கால் தரையில் கோடு இழுத்துக்கொண்டு போனது. "அண்ணே, கட்டைவெரலு தூக்க மாட்டேங்குது" என்றார் அப்பா.

மிச்ச இரண்டு நாள் என்னை யாரும் மிதிக்கக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகான நாட்களில் நான் பார்த்ததெல்லாம் அந்தக் கட்டைவிரலைத்தான். ஈ ஓட்டுகிற பாவனையில் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு, அசைகிறதா அசைகிறதா என்று பார்ப்பேன். அசையாது. அய்யனார் கோயில் பக்கம் போய், என் காலை எடுத்துக்கொண்டு அப்பா காலைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி வேண்டிக்கொண்டேன்; வேண்டிவிட்டு, அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டால் என்ன செய்வது என்று அதற்கும் பயந்துகொண்டு வீடு வந்தேன். நான் ஓங்கி மிதித்தது அப்பா ஒருவருக்குத்தான் தெரியும். அவர் ஆத்தாவிடம் சொல்லிவிடுவாரோ என்று ஒரு பயம், சொல்லாமலே இருக்கிறாரே என்று அதைவிடப் பெரிய பயம். பிடிப்பு விட்டவர்கள் எல்லாம் ஊரில் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். பெற்ற அப்பனைத்தான் முடமாக்கியிருந்தேன்.

நாலாம் நாள் பஸ்ஸில் படுக்கவைத்துப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். அழுது அடம்பிடித்து நானும் ஒட்டிக்கொண்டேன். டாக்டர் அப்பாவின் காலைத் தூக்கிப் பார்த்தார், விரலைத் தட்டிப் பார்த்தார், கடைசியில் கேட்டார்: "இடுப்புல யாராவது மிதிச்சாங்களா?"

பெரியப்பா வாயைத் திறந்தார். அதற்குள் அப்பா, "இல்லீங்க" என்றார்.

அந்த அறை முழுக்க வேப்பெண்ணெய் வாடை. டாக்டருக்கு மூக்கு இல்லாமலா இருந்திருக்கும்? அவர் அப்பாவைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, பெரியப்பாவிடம் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தார்.

"டூரிங் சினிமாக் கொட்டகையில நடுக்கம்பம் பாத்திருக்கீங்கள்ல? சுத்தி இழுத்துக் கட்டியிருக்கிற கயிறுதான் அதைச் சாயாம நிறுத்துது. அதே கயிற ரொம்ப முறுக்கினா என்னாகும்? கம்பம் மண்ணுக்குள்ள எறங்கும். முதுகுச்சதையும் அப்படித்தான். எலும்புக்கு எலும்பு நடுவுல மெத்தை மாதிரி ஒரு ஜவ்வு இருக்கு. குனிஞ்சு, கை எட்டத்துல இருக்கிற மூட்டைய இழுத்தா, முதுகு சாயாம இருக்கறதுக்குச் சதை மூட்டையவிடப் பல மடங்கு வலிச்சு இழுக்கணும். அந்தப் பாரம் பூராவும் ஜவ்வு மேலதான். அதான் பிதுங்கி நரம்ப அமுக்குது."

"அப்ப அந்தச் சதைய இளக்கிவிட்டா சரியாப் போயிருமில்லீங்களா?" என்று பெரியப்பா விடாமல் கேட்டார்.

"அது இறுகியிருக்கிறது காவலுக்கு. இதுக்கு மேல அசையாதேன்னு பிடிச்சுக்கிட்டு நிக்குது. அந்தப் பிடியே ஜவ்வையும் அமுக்குதுங்கிறது வேற விஷயம். அதுக்குத்தான் படுக்கச் சொல்றது. படுத்தா அதுவா விடும், பாரம் கொறையும். வெளியில இருந்து மிதிச்சு விடவைக்கக் கூடாது."

மூன்றாவது மிதியில் விட்டது அந்தக் காவல்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது, அல்லது தெரிந்ததாக நினைத்தேன்.

ஆறு வாரம் பலகையில் படுத்திருந்தார். மழை வந்தது, காட்டில் கிடந்த கடலை முளைத்தது. வலி போய்விட்டது. கால் பாதிதான் திரும்பியது. பாதத்தைத் தூக்கி வைக்கமுடியாமல் 'டப்', 'டப்' என்று தரையில் அறைந்து நடந்தார். அதற்குப் பிறகும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடி ஆட்கள் வரத்தான் செய்தார்கள். நான் அடுக்களைக்குள் ஓடி ஒளிவேன். அப்பாதான் வாசலில் உட்கார்ந்து, "ஒம்போது வயசோட அந்தக் கால்ல பலம் போயிருமுங்க. இனிமே மிதிச்சாலும் கேக்காது" என்று புதிதாக ஒரு சாஸ்திரத்தை உண்டாக்கிச் சொல்லி அனுப்புவார். கேட்டவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். கொஞ்ச நாளில் அது ஊர்ச் சாஸ்திரமாகவே ஆகிவிட்டது.

என்னிடம் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நானும் கேட்கவில்லை. எங்கே போனாலும், பஸ்ஸுக்கோ கோயிலுக்கோ, என்னைப் பார்த்து, "நீ முன்னால போத்தா, நான் மெதுவா வாரேன்" என்பார். என் கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான். நடக்க முடியாததால் பின்தங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. திருக்கோகர்ணத்தில் இருக்கிறேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். போன மாதம் எனக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது. இன்று யாரும் பிள்ளை தலையால் வந்ததா காலால் வந்ததா என்று விசாரிப்பதில்லை. ஆபரேஷனில் எடுத்துவிடுகிறார்கள், தெருவுக்குத் தெரிவதே இல்லை. அந்த வழக்கம் ஒழிந்தது நல்லதுதான். இடுப்புக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிப் பெண்ணிடம், வேறு யாருக்கோ நடந்ததுபோல் கதையைச் சொல்லி, குழந்தை மிதித்ததாலா அப்படி ஆனது என்று கேட்டேன். "மூட்டை தூக்கும்போதே டிஸ்க் பிதுங்கியிருக்கும்மா. மிதிச்சதுல கூடியிருக்கலாம், கூடாமலும் இருக்கலாம். இப்ப யாரு சொல்ல முடியும்?" என்றாள். சொல்லக்கூடிய ஒரே ஆள் போய் முப்பது வருஷம் ஆகிறது.

பிறகு அவள், "கொஞ்சம் முன்னால நடங்கம்மா, நான் பின்னாடி இருந்து பாக்கிறேன். முன்னால போறவங்க கால்லதான் கோளாறு தெரியும்" என்றாள்.

நான் நாலடி வைத்தேன். அதற்கு மேல் கால் ஓடவில்லை. அப்பா எதற்காக அத்தனை வருஷம் என்னை முன்னால் அனுப்பினார் என்பது அந்த இடத்தில்தான் புரிந்தது. தன் கால் என் கண்ணில் படக்கூடாதென்று அவர் பின்னாலேயே வந்திருக்கிறார். அந்த 'டப்', 'டப்' ஓசை வழியெல்லாம் என் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது, நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.