பனிமூட்டத்துக்குப் பின்னால் ஒரு வேலி

சாந்தன்பாறை ஜீப் ஓட்டுநர் சுடலைமுத்துவுக்குப் பனிமூட்டத்தின் மேல் பித்து. ஓராண்டுக்கு மாதந்தோறும் ஒன்றாம் தேதி, ஒரே பாறையில் நின்று எதிர்ச்சரிவைப் படமெடுப்பதாக முடிவு செய்திருந்தான். பதினோரு படங்கள் சேர்ந்ததும், பன்னிரண்டாவதுக்குப் பொறுமையில்லாமல், ஒரே சட்டத்தில் வரிசையாகப் போட்டு, அந்தச் சரிவில் ஏலத்தோட்டம் வைத்திருந்த முதலாளிக்கே ஆசையாகக் கொடுத்தான்.

மறுநாள் முதலாளியின் ஆட்கள் அவனை ஜீப்பிலிருந்து இழுத்துப்போட்டு மிதித்தார்கள். கேமராவைக் கல்லில் அடித்து நொறுக்கினார்கள். வலதுகைக் கட்டைவிரலை முறித்தார்கள்.

"ஏலே, வேலியையா படம் புடிக்கே?"

எந்த வேலி? ரத்தம் வழிய வீட்டுக்கு வந்து, போனில் ஏற்றிவைத்திருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தான். மாதத்துக்கு மாதம் தோட்டத்து வேலி அரசுக் காட்டுக்குள் ஏறிக்கொண்டே போயிருந்தது.

"திருட்டுப் பயலுவளா! நீங்க மிதிச்ச பொறவுதாம்ல எனக்கே தெரியுது!"

அடுத்த ஒன்றாம் தேதி, பன்னிரண்டாவது படத்துக்காக, இடதுகையில் போனோடு அதே பாறையில் ஏறி நின்றான். பனி விலகட்டும் என்று காத்திருந்தான்.