சிலேட்டில் விழுந்த பனி

பேரனுடைய பள்ளிக்கூடத்தில் 'குளிர்காலம்' செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். பம்பாய்க்குப் பக்கத்தில் கல்யாணில், மகள் வீட்டுக் கூடத்தில் நேற்று முழுக்க தெர்மாகோல் உருண்டைகள் பறந்தன. ஒன்று என் டீயில் விழுந்தது, இரண்டு புருவத்தில் ஒட்டிக்கொண்டன. குப்பியில் வருகிற பசையை மோந்து பார்த்தேன். இதெல்லாம் ஒரு வாசனையா? பசை என்றால் மைதாவைக் காய்ச்சி, இரண்டு நாள் புளிக்கவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். தாராவியில் நான் வாத்தியாராக இருந்தபோது அப்படித்தான் எடுத்தோம்.

சிரிக்காதீர்கள். ஏழாம் வகுப்போடு நின்ற நான், அறுபதுகளில் மூன்று மாதம் வாத்தியாராக இருந்திருக்கிறேன்.

அதற்கு முன் டிராம்பேயில் சிமெண்டு சுமந்தேன், ஒரு ஓட்டலில் மாவாட்டினேன், இரண்டிலும் நிலைக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்களின் சங்கம் ஒன்று, தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் பாலர் வகுப்பு நடத்தியது. டீச்சர் பிரசவத்துக்கு ஊருக்குப் போக, சங்கச் செயலாளர் செல்லையா அண்ணாச்சி என்னைப் பிடித்து உட்காரவைத்தார். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பது ஒன்றுதான் என் தகுதி. பிள்ளைகள் போன பிறகு அதே அறையில் படுத்துக்கொள்ளலாம் என்றார். அதுவரை பிளாட்பாரத்தில் படுத்தவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

டிசம்பரில் ஒருநாள் அண்ணாச்சி ஓர் ஆங்கிலத் தாளோடு வந்தார். வகுப்புக்குப் பண உதவி செய்கிற ஓர் அம்மாள் மாட்டுங்காவிலிருந்து பார்க்க வருகிறாராம். தாளையும் அவர்தான் அனுப்பியிருக்கிறார்.

"பிள்ளைங்க கையால தொட்டு, மோந்து பாத்து, குளிர்காலம் செய்யணுமாம்வே. பனி வெள்ளையா இருக்கணுமாம்."

"பனிய நீங்க பாத்திருக்கியளா அண்ணாச்சி?"

"நான் எங்கவே பாத்தேன்? ஆனா அந்தம்மா மொகத்தச் சுளிச்சா வகுப்புக்கும் பூட்டு, உம்ம படுக்கைக்கும் பூட்டு. பாத்துக்கிடும்."

எங்கள் பக்கத்தில் வெள்ளை என்றால் தோல் கொட்டகை உப்புதான். ஆட்டுத்தோல் அழுகாமல் இருக்கத் தூவுகிற கல்லுப்பு. பிள்ளைகளின் அப்பாமார் பலருக்கு அங்கேதான் வேலை, அதனால் ஒரு கூடை சுலபமாகக் கிடைத்தது. பழுப்புத் தாளில் பசை தடவி உப்பைத் தூவினோம். பிள்ளைகள் தொட்டார்கள், மோந்தார்கள், முக்கியமாக நக்கினார்கள். படங்களை வாசலில் காயவைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் சந்து வெள்ளாடுகள் பனியை நக்கி முடித்து, பசையோடு தாளை மென்றுகொண்டிருந்தன. தங்கள் சொந்தபந்தங்களின் தோலுக்குப் போட வைத்திருந்த உப்பென்று அவற்றுக்கு யார் சொல்வது?

மறுநாளே அம்மாள் வருகிறார். அவர் வருகிற அன்று காலை முத்துக்கனி தலைவிரிகோலமாக வந்தாள். வயது ஐந்து, வாய் ஐம்பது.

"ஏட்டி, எண்ணெ தேய்க்கலியா?"

"டண்டில எண்ணெ கல்லாப் போச்சு சார். குப்பியக் கவுத்தாலும் விழ மாட்டேங்கு."

டண்டி என்றால் பம்பாயில் குளிர். எனக்குப் பொறி தட்டியது. ஊரில் தேங்காயெண்ணெய் உறைந்து நான் பார்த்ததில்லை. பம்பாய்க்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஓட்டல்காரர் கெட்டுப்போன எண்ணெயைத் தலையில் கட்டிவிட்டார் என்று நினைத்து அவரோடு சண்டைக்குப் போனவன் நான். இப்போது பத்து வீட்டுக் குப்பிகளை வாங்கிவரச் சொல்லி, ஈர்க்குச்சியால் குடைந்து கொடுத்தேன். பிள்ளைகள் கறுப்புச் சிலேட்டில் விரலால் அப்பினார்கள். மலை வந்தது, மேகம் வந்தது, ஒருவன் நேற்றைய ஆட்டைச் செய்தான். விரலெல்லாம் சில்லிட்டது. என் பொறுப்பில் அவ்வளவு அழகான காரியம் எதுவும் அதுவரை நடந்ததில்லை.

ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன அம்மாள் பதினொன்றரைக்கு வந்தார். கார் சந்துக்குள் நுழையவில்லையாம். அதற்குள் தகரக் கூரை வெயிலில் சூடேறிவிட்டது. மலை வழிந்து மேகத்தில் சேர்ந்து, மேகம் வழிந்து கோணிப்பாயில் இறங்கியிருந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அன்று ராத்திரி எந்தப் பிளாட்பாரம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"என்னது இது?" அம்மாள் ஒரு சிலேட்டைத் தொட்டுவிட்டார்.

"பனி" என்றாள் முத்துக்கனி. "நீங்க லேட்டு. ஓடிப் போச்சு."

பட்டுப்புடவை கட்டியிருந்தவர், எண்ணெய்க் கையை எங்கே துடைப்பதென்று தெரியாமல் விரல்களை விரித்துக்கொண்டு நின்றார். முத்துக்கனி எழுந்துபோய்த் தலையைக் குனிந்து காட்டினாள்.

"எந் தலையில தேச்சிருங்க. நான் இன்னும் தேய்க்கல."

அம்மாள் ஒரு கணம் விழித்தார். பிறகு தேய்த்துவிட்டார். பின்னாலேயே இன்னும் நான்கு தலைகள் வரிசையில் வந்து குனிந்ததும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"சிம்லாலயும் இப்படித்தான். பாத்துண்டே இருக்கச்சே ஓடிடும்" என்றார்.

பிழைத்தேன் என்று மூச்சு விட்டேன். வாசலில் அவர் அண்ணாச்சியிடம் சொன்னது காதில் விழுந்தது: "இத்தனை சமத்துக் குழந்தைகளுக்கு டிரெயினிங் ஆன டீச்சர் வேணும். நானே அனுப்பறேன்."

வகுப்பு பிழைத்தது, படுக்கைதான் போயிற்று. பொங்கலுக்கு முன்பே புது டீச்சர் வந்துவிட்டார். சிலேட்டில் ஏன் எழுத்தே விழவில்லை என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பிள்ளைகள் அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்க, நான் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினேன்.

"சார், நீங்க பெயிலாமே?" என்றாள் முத்துக்கனி.

"ஆமா. ஏழாங்கிளாஸ்."

"அப்ப எங்ககூட உக்காந்து படிங்க." பக்கத்துப் பையனை இடித்தாள். "ஏல, சாருக்கு எடம் விடுல."

அவன் நிஜமாகவே நகர்ந்தான். உட்கார்ந்திருக்கலாம். கோவண்டியில் ஒரு லேத்துப் பட்டறையில் ஆள் கேட்டிருந்தார்கள், போய்விட்டேன்.

போன வருஷம் அந்தப் பக்கம் போனேன். தோல் கொட்டகைகள் இல்லை, சங்கம் இல்லை, அண்ணாச்சி போய்ச் சேர்ந்து வெகுகாலம். அறை இருந்த இடத்தில் மாடிமேல் மாடி, ஒருக்களித்து ஏறுகிற இரும்பு ஏணி. ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன். "சைடு, சைடு" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, நகர்ந்துகொண்டேன்.