காய்ந்த முதுகு

எனக்கு வேர்க்காது. வேர்வைச் சுரப்பிகள் இல்லாமலே பிறந்துவிட்டேன். வெயிலில் மற்றவர்களுக்குச் சட்டை நனையும். எனக்கு உடம்பு கொதிக்கும், தலை சுற்றும்.

சேலையூரில் ஒன்பதாவது படித்தபோது புதிதாக ஒரு பி.டி. சார் வந்தார். பழைய சார் என்னை நிழலில் உட்காரவிடுவார். இவர் முதல் நாளே எழுப்பினார். விஷயத்தைச் சொன்னேன்.

"வேர்க்காதா? நீ இன்னா ஏசி ரூம்ல பொறந்தியா? ஓடு."

ஓடி முடித்தவர்களை வரிசையாக நிறுத்தி முதுகைத் தொட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். ஈரமாக இருந்தால் வகுப்புக்குப் போகலாம். காய்ந்திருந்தால் ஏமாற்றியிருக்கிறான் என்று அர்த்தம்; மறுபடியும் ஓட வேண்டும். என்னை மறுபடியும் ஓடவிட்டார்.

அந்தப் பள்ளியில் எனக்கு ஒரே ஒரு நண்பன். அனகாபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவான், என் பெஞ்சில் உட்காருவான். நான் தள்ளாடுவதைப் பார்த்துவிட்டு, குழாயடிக்கு இழுத்துப் போய் முதுகில் தண்ணீரை ஊற்றினான்.

"இப்ப போ மச்சான். கண்டுபிடிக்க மாட்டாரு."

தொட்டவுடனே கண்டுபிடித்துவிட்டார். யார் செய்தது என்று கேட்டதும் அவனே கையைத் தூக்கினான். சார் கோபப்படவில்லை. சிரித்தார்.

"வேர்வைன்னா உப்பு கரிக்கும்ல? நக்கிப் பாத்து சொல்லு. வேர்வையா, தண்ணியா?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். அவன் பின்கழுத்தைப் பிடித்துக் குனிய வைத்தார். ஈரத் துணி வழியே அவன் நாக்கு என் முதுகில் பட்டது.

"தண்ணி சார்."

"சத்தமா சொல்றா."

"தண்ணி சார்!"

வகுப்பே சிரித்தது. நான் மூன்றாவது முறை ஓடினேன். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் விழுந்தது வரைதான் நினைவிருக்கிறது. கண் விழித்தபோது தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில், அக்குளில் ஐஸ் கட்டிகளோடு கிடந்தேன்.

திரும்பிப் போனபோது என் நண்பன் வேறு பெஞ்சுக்கு மாறியிருந்தான். அவனுக்கு 'நக்கி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதிலிருந்து தப்பிக்க அவனுக்கு ஒரு வழிதான் கிடைத்தது. நான் எப்படி வாயைப் பிளந்து ஓடினேன், எப்படிச் சுருண்டு விழுந்தேன் என்று இடைவேளையில் நடித்துக் காட்டினான். நன்றாகவே நடித்தான். சிரிக்காதவர்கள் யாரும் இல்லை. இரண்டே வாரத்தில் அவன் பட்டப்பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். என்னைப் 'பல்லி' என்றார்கள். அந்தப் பெயர் அவன் வைத்தது.

பிரின்சிபால் அப்பாவை வரச் சொன்னார். பி.டி. சாரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"இந்த மாதிரி பையனை வச்சு எங்களால ரிஸ்க் எடுக்க முடியாது சார். டிசி வாங்கிக்குங்க."

"உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டோம், சாரி சார்" என்றார் அப்பா.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "டாக்டரே சொல்லிட்டாரு, இது தாய் வழியா வர்றதுன்னு. உங்க வீட்ல தெரிஞ்சேதான் என் தலையில கட்டிட்டாங்க."

அம்மா என் மேல் போடத் துண்டை நனைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் ஒருவரையும் அப்பா வாசற்படி ஏறவிடவில்லை.