நாற்பது மீட்டர் டவரும் நானும்

செல்போன் டவர் பராமரிக்கும் வேலையில் மேலே ஏறுவது சுலபம். கீழே நிற்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் உயிரை வாங்கும். தண்ணீர்த் தொட்டியிலும் கரண்ட் கம்பத்திலும் ஏறிப் பிழைக்கும் சகோதரர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

தலைக்கு மேல்

டவர் என்றால் உயரமான கட்டுமானம் என்று அகராதி சொல்லும். தர்மபுரி மாவட்டத்தில் அந்தப் பேச்சே எடுபடாது. இங்கே டவர் வரும், போகும். வீட்டுக்குள் இருக்காது, வாசலுக்கு வந்தால் இரண்டு கோடு இருக்கும். என்னைக் கண்டாலே எல்லோருக்கும் இந்தப் புகார்தான்.

ஒகேனக்கல்லில் மீன் வறுக்கும் ஓர் அக்காவின் கடை எங்கள் டவருக்கு நேர் அடியில் இருக்கிறது. ஒரு நாள் பழுது பார்க்கப் போன என்னைப் பிடித்துக்கொண்டு, டவரே இல்லை, வியாபாரம் போச்சு என்று சத்தம் போட்டார். நானும் எரிச்சலில் மேலே கை காட்டினேன். அவர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "அந்த இரும்ப வெச்சு நான் என்னங்க பண்றது? எனக்கு டவர் குடுங்க!"

மனு கொடுக்கும் இடம்

இன்னொரு பொருளும் உண்டு. மனு மேல் மனு கொடுத்து அலுத்தவர்கள் "டவர்ல ஏறிடுவேன்" என்பார்கள். ஏறினால் அதிகாரி நேரில் வந்தாக வேண்டும் என்று கணக்கு.

போன மழைக்காலத்தில் இண்டூர் பக்கம் மாதையன் என்ற விவசாயி நிஜமாகவே ஏறிவிட்டார். வயது ஐம்பதுக்கு மேல். அவர் நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார். பிடுங்கி வைத்த மரவள்ளிக் கிழங்கு நிலத்திலேயே அழுகிக்கொண்டிருந்தது. பாதையைத் திறக்காமல் இறங்க மாட்டேன் என்று முப்பது மீட்டர் உயரத்தில் நின்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது போலீஸ், தீயணைப்பு வண்டி, பாதி ஊர் எல்லாம் அங்கே. ஆன்டெனா பக்கத்தில் ஆள் நிற்பதால் முதல் வேலையாக டவரை நிறுத்தினேன். அத்தனை போனும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிட்டது. ஒருவர் ஓடி வந்து கெஞ்சினார்: "அண்ணா, லைவ் ஓடிட்டிருக்குங்க, அஞ்சே நிமிஷம் டவர் குடுங்க!"

வேலி போன பிறகும்

தாசில்தார் வந்தார். வரைபடத்தை விரித்துப் பார்த்து, அது பொதுப்பாதைதான் என்றார். மாதையன் கண் முன்னாலேயே வேலியைப் பிடுங்கினார்கள். கீழே கைதட்டல். அவர் இறங்கவில்லை. மைக்கில் கூப்பிட்டார்கள், அசையவில்லை. கால் மணி நேரம் போனது. தாசில்தார் முகம் சிவந்தது. "இன்னும் என்னமோ கேக்கறான்" என்று கூட்டம் முணுமுணுத்தது. காவிரிப் பக்கமிருந்து மழை இருட்டிக்கொண்டு வந்தது. சேலத்திலிருந்து பெரிய ஏணி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம்.

நான் அண்ணாந்து பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் இரும்பைக் கட்டிக்கொண்டு, முகத்தை அதில் புதைத்திருந்தார். அது பிடிவாதம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நானும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டு நின்றேன். டவர் ஏணி எனக்குப் பழக்கம், நான் போகிறேன் என்று தீயணைப்பு அதிகாரியிடம் சொல்லிவிட்டுப் பாதுகாப்பு பெல்ட்டை மாட்டினேன். மாதையனின் மனைவி பழனியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அவரு வூட்டுப் பரண் மேலகூட ஏற மாட்டாருங்க. கோவத்துல ஏறிட்டாரு."

ஒரே பெல்ட்

பாதி ஏறும்போதே தூறல். பக்கத்தில் போனதும், "அண்ணா, காலு வரலீங்களா?" என்றேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. "கீழ சொல்லிராதீங்க தம்பி, ஊரே சிரிக்கும்."

என் பெல்ட்டைக் கழற்றி அவருக்கு மாட்டினேன். வீரமெல்லாம் இல்லை, வேறு வழி தெரியவில்லை. அவருக்குக் கீழே நின்றுகொண்டு, பெல்ட்டின் இரண்டு கொக்கிகளில் ஒன்றை எடுத்து ஒரு படி கீழே மாட்டினேன், அப்புறம் அடுத்த கொக்கி. அவர் பாதத்தைக் கையால் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்தேன். நடுவில் அவர் கால் வழுக்கி என் தோளில் விழுந்தது. நான் ஏணியைக் கட்டிக்கொண்டேன். கொக்கி தாங்கியது. இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு அப்படியே நின்றோம்.

தரையைத் தொட்டதும் விசில் பறந்தது. தாசில்தார் மட்டும் கோபம் தணியாமல், ஏன் இவ்வளவு நேரம் என்றார். "நடுவுல ஒரு படி லூசுங்க சார், நான் வர்ற வரைக்கும் அசையாதீங்கன்னு நான்தான் கை காட்டினேன்" என்று புளுகினேன். படியைச் சரி செய்யாததற்கு எனக்கு நல்ல திட்டு விழுந்தது. பழனியம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, மாதையன் திறந்து கிடந்த பாதையைப் பார்த்தார். என் காதோரம் சொன்னார்: "பாதை கெடச்சிருச்சு தம்பி. அதுல நடந்து போறதுக்குத்தான் காலு வரல."

இந்தத் தொழிலில் ஆள் உயிரோடு இறங்கியதை யாரும் எழுதிக் கேட்பதில்லை. டவர் இரண்டு மணி நேரம் நின்றதற்குத்தான் கம்பெனிக்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும்.